லிஸ்ப் கற்கிறீர்களா? எல்லாவற்றையும் லிஸ்டில் போடாதீர்கள்

லிஸ்ப் என்ற நிரல் மொழியில் நான் உருப்படியாக எழுதிய முதல் புரோகிராம், ஒரு கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது. ஐம்பது வரிக் கோப்பைக் கொடுத்தேன், கண் சிமிட்டுவதற்குள் விடை வந்தது. ஒரு முழுப் புத்தகத்தைக் கொடுத்ததும் மடிக்கணினியின் விசிறி இரைய ஆரம்பித்தது, நான் டீ குடித்துவிட்டு வந்தும் அது நிற்கவில்லை. மொழி மெதுவானது என்று திட்டினேன். தவறு என் பக்கம். மொழியின் பெயரிலேயே லிஸ்ட் இருக்கிறது (லிஸ்ட் ப்ராசஸர் என்பதன் சுருக்கம்தான் லிஸ்ப்) என்பதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் லிஸ்டில் போட்டிருந்தேன்.

அதே புரோகிராமை வைத்தே பார்க்கலாம். நான் பயன்படுத்துவது காமன் லிஸ்ப், எஸ்பிசிஎல் கம்பைலர். கட்டளைகளை ஒலிக்கேற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், எஸ்பிசிஎல் முகம் சுளிக்காது.

படி 1: லிஸ்டுக்குள் என்ன இருக்கிறது?

லிஸ்ட் என்பது கான்ஸ் செல்களின் சங்கிலி. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு அறைகள்: ஒன்றில் பொருள், மற்றதில் அடுத்த செல்லின் முகவரி. முதல் அறையை எடுப்பது கார், இரண்டாவதை எடுப்பது குடர். (விசித்திரமான பெயர்கள்தான். 1950களின் கடைசியில் ஐபிஎம் 704 இயந்திரத்தில் லிஸ்பை உருவாக்கியபோது அதன் நினைவகச் சொல்லின் பகுதிகளுக்கு இருந்த பெயர்களிலிருந்து வந்தவை, இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றன.) 64 பிட் எஸ்பிசிஎல்லில் ஒரு செல்லுக்கு 16 பைட்.

நூறாவது வீட்டுக்குப் போக வேண்டும், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த வீட்டு முகவரி மட்டும்தான் கிடைக்கும் என்றால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். லிஸ்டும் அப்படித்தான். முன்னால் ஒன்றைச் சேர்ப்பது மிக மலிவு, நடுவில் இருப்பதை எடுப்பது நடை. நீளம் கேட்கும் லெங்த் கூட லிஸ்டின் கடைசிவரை நடந்துவிட்டுத்தான் பதில் சொல்லும்.

படி 2: சுழலுக்குள் என்த் இருக்கிறதா என்று தேடுங்கள்

பைத்தானிலிருந்தோ சி மொழியிலிருந்தோ வருபவர்கள் 0, 1, 2 என்று எண்ணிக்கொண்டே, குறிப்பிட்ட இடத்தில் இருப்பதைத் தரும் என்த் வைத்து (என்த் எண் சொற்கள்) என்று எடுப்பார்கள். நானும் எடுத்தேன். அது ஒவ்வொரு தடவையும் முதல் செல்லிலிருந்து மறுபடி நடக்கிறது. 10,000 சொற்கள் இருந்தால் மொத்தம் 4,99,95,000 அடி, ஏறக்குறைய ஐந்து கோடி. அதையே, லிஸ்டை ஒரே நடையில் ஒவ்வொன்றாகக் கடக்கும் டோலிஸ்ட் வைத்து எழுதினால் 10,000 அடியில் முடிந்துவிடும். மாற்ற வேண்டியது ஒரே வரி.

படி 3: கடைசியில் ஒட்டாதீர்கள், முன்னால் போட்டுவிட்டுத் திருப்புங்கள்

படித்த சொல்லை லிஸ்டின் கடைசியில் சேர்க்க அப்பெண்ட் போட்டிருந்தேன். அப்பெண்ட் முதல் லிஸ்டை முழுதாக நகல் எடுத்துவிட்டுத்தான் அடுத்ததை ஒட்டும், அதாவது ஒவ்வொரு சொல்லுக்கும் அதுவரை சேர்த்த எல்லாமே ஒருமுறை நகலாகிறது. 10,000 சொல்லுக்கு மறுபடி அதே ஐந்து கோடி செல், செல்லுக்கு 16 பைட் என்றால் 800 எம்பிக்குக் குப்பை!

லிஸ்ப்காரர்கள் செய்வது வேறு. புஷ் வைத்து முன்னால் தள்ளிக்கொண்டே போவார்கள், எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு என்ரிவர்ஸ். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: என்ரிவர்ஸ் இருக்கிற செல்களையே கலைத்து அடுக்கும், அதனால் அது திருப்பித் தருவதைக் கட்டாயம் வாங்கி வைக்க வேண்டும். வரிசைப்படுத்தும் ஸார்ட்டும் அப்படியே. வாங்கி வைக்காமல் பழைய மாறியைப் பார்த்துவிட்டு "பாதி லிஸ்டைக் காணோம்" என்று தேடாதவர்கள் குறைவு.

படி 4: இடம் பார்த்து எடுப்பதென்றால் வெக்டர்

"347ஆவது சொல் எது?" என்று அடிக்கடி கேட்கப் போகிறீர்களா? பொருள்களை அடுத்தடுத்த இடங்களில் வைத்திருக்கும் வெக்டரை எடுங்கள். மேக்-அரே வைத்து உருவாக்கி ஏரெஃப் வைத்து எடுத்தால் எந்த இடமானாலும் ஒரே செலவுதான். அளவு முன்கூட்டித் தெரியாவிட்டால் அட்ஜஸ்டபிள், ஃபில்-பாயிண்டர் இரண்டையும் கொடுத்து உருவாக்கி வெக்டர்-புஷ்-எக்ஸ்டெண்ட் செய்யலாம், அது தானே வளரும். ஆனால் அப்படி வளரும் வெக்டரிலிருந்து எடுப்பது எளிய வெக்டரைவிடக் கொஞ்சம் மெதுவாக இருக்கும்.

சரங்களும், அதாவது எழுத்துத் தொடர்களும், வெக்டர்தான். (லெங்த் "தமிழ்") என்று கேட்டுப் பாருங்கள், 3 வராது, 5 வரும். இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி யூனிகோட் குறிகள் என்பதால் அப்படி. தமிழ்க் கோப்போடு வேலை செய்பவர்கள் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

படி 5: பெயர் சொல்லித் தேடுவதென்றால் ஹாஷ் டேபிள்

நம் புரோகிராமின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சொல்லையும் எண்ணிக்கையையும் ஜோடியாக லிஸ்டில் போட்டு (இதை ஏலிஸ்ட் என்பார்கள்) அஸாக் வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். புதுச் சொல் ஒவ்வொன்றுக்கும் முழு லிஸ்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் "இல்லை" என்று சொல்லும். ஹாஷ் டேபிளில் இருபது சொல் இருந்தாலும் இருபதாயிரம் இருந்தாலும் தேடும் நேரம் பெரிதாக மாறாது.

(மேக்-ஹாஷ்-டேபிள் :டெஸ்ட் #'ஈக்வல்)

அந்த ஈக்வலை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், எல்லாச் சொல்லுக்கும் எண்ணிக்கை 1 என்று வந்தது. ஒன்றும் சொல்லாவிட்டால் லிஸ்ப் ஈக்யூஎல் வைத்து ஒப்பிடும், அதன் கண்ணுக்கு ஒரே எழுத்துகள் கொண்ட இரண்டு சரங்கள் இரண்டு வெவ்வேறு பொருள்கள். அஸாக்கிலும் இதே கண்ணி உண்டு. ஆங்கிலக் கோப்பில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான் என்று எண்ண வேண்டுமா, ஈக்வல்பி போடுங்கள்.

எண்ணும் வேலை ஒரே வரி (எண்ணிக்கை என்பது இங்கே அந்த ஹாஷ் டேபிளின் பெயர், இன்க்எஃப் ஒன்றைக் கூட்டும்):

(இன்க்எஃப் (கெட்ஹாஷ் சொல் எண்ணிக்கை 0))

கடைசியில் இருக்கும் 0, சொல் இன்னும் அட்டவணையில் இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள வேண்டிய மதிப்பு.

அதற்காக ஏலிஸ்டை ஒதுக்க வேண்டாம். பத்துப் பதினைந்து ஜோடிகள்தான் என்றால் அதுவே போதும், அச்சிட்டால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். ஹாஷ் டேபிளை அச்சிட்டால் ஒரு கோணலான அடைப்புக்குறியும் சில எண்களும்தான் வரும், பிழை தேடும்போது கடுப்பாகும்.

படி 6: ஒரே பொருளின் விவரங்களுக்கு டெஃப்ஸ்ட்ரக்ட்

பெயர், வயது, மதிப்பெண் மூன்றையும் லிஸ்டாக வைத்தால் ஒரு வாரம் கழித்து (என்த் 2 மாணவர்) என்பது வயதா மதிப்பெண்ணா என்று உங்களுக்கே தெரியாது. டெஃப்ஸ்ட்ரக்ட் போட்டால் மாணவர்-வயது என்று பெயர் சொல்லியே எடுக்கலாம்.

படி 7: அளந்து பாருங்கள்

எந்தக் கோவையையும் டைம் என்பதற்குள் போட்டு ஓட்டினால் எத்தனை நொடி, எத்தனை பைட் என்று எஸ்பிசிஎல் சொல்லும். நொடியைவிட பைட் கணக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன், அப்பெண்ட் மாதிரி திருட்டு நகல்கள் அங்கே மாட்டிக்கொள்ளும். சின்னக் கோப்பு, அதைப் போலப் பத்து மடங்குள்ள கோப்பு என இரண்டையும் ஓட்டுங்கள். நேரமும் பத்து மடங்கானால் சரி, நூறு மடங்கானால் படி 2, 3, 5க்குத் திரும்புங்கள்.

இனி மிச்சம், அதிகம் வந்த பத்துச் சொற்களைக் காட்டுவது. ஹாஷ் டேபிளில் வரிசை கிடையாது. அதனால் மேப்ஹாஷ் வைத்து ஒவ்வொரு ஜோடியையும் கான்ஸ் செய்து ஒரு லிஸ்டில் புஷ் செய்யுங்கள், அப்புறம்:

(ஸார்ட் ஜோடிகள் #'> :கீ #'குடர்)

ஆமாம், லிஸ்ட்தான். ஒருமுறை முழுதாக நடக்கிறோம், முன்னாலிருந்து பத்து எடுக்கிறோம், அவ்வளவுதானே? இதற்கு லிஸ்டே சரி. திருப்பித் தருவதை வாங்கி வைக்க மறந்துவிடாதீர்கள்.