களை, பூ, ராகி வேலை: இடுப்பையும் மூட்டையும் கெடுக்கும் தவறுகள்

பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல், சர்ஜாபுரம், ஒசகோட்டே பக்கம் கீரைத் தோட்டத்துக்கும் சாமந்திக்கும் ராகிக்கும் புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள், இருபது வருடம் வேலை செய்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள். பாரத்தை முழங்கால் மடக்கித் தூக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்; அதை விட்டுவிடலாம்.

குனிந்த முதுகோடு உடனே கூடையைத் தூக்குவது

வெகுநேரம் குனிந்திருந்தால் முதுகெலும்பைப் பிடித்திருக்கும் தசைநார்கள் இழுபட்டுத் தளர்ந்துவிடும். நிமிர்ந்த உடனே அவை பழைய நிலைக்கு வராது. அப்போது கூடையைத் தூக்கினால்தான் பிடிப்பு விழும். நிமிர்ந்ததும் இடுப்பில் கைவைத்து மெதுவாக ஐந்து முறை பின்னால் சாய்ந்து, கொஞ்சம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

பாத்தி முடியும்வரை குந்தியே இருப்பது

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தட்டுப்படுகிற எலும்பு முனையை ஒட்டி ஒரு நரம்பு போகிறது. நெடுநேரம் குந்தினால் அது நசுங்கும். முதலில் பாதத்தின் மேல்பக்கம் மரக்கும். பிறகு பாதம் தூக்க வராது, செருப்பு கழன்று விழும். பக்கவாதம் என்று பயந்து ஓடி வருவார்கள். அரை அடி உயர மணை ஒன்று போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். பாதம் தூக்க முடியாவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்குவது

இதைப் பார்க்கும்போதுதான் இன்னும் ஆத்திரம் வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் அட்டையில்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் இரண்டு மூன்று மாத்திரை. பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை. சில சமயம் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். விடிகாலையில் வெறும் டீயோடு அதை விழுங்குகிறார்கள். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்பதால் மதியம்வரை தண்ணீரும் குடிப்பதில்லை.

டைக்ளோஃபெனாக் இரைப்பையின் காப்பைக் குறைப்பதால் புண் வரும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது அந்த அடி இரட்டிப்பாகும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். ராகி அறுப்பு முடியும்வரை தினம் இரண்டு என்று ஓட்டிவிட்டு, கால் வீங்கி, குமட்டல் எடுத்த பிறகு ரத்தம் பார்த்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருக்கும். இடுப்பு வலிக்குப் போன பெண் சிறுநீரக நோயாளியாகத் திரும்புகிறாள். வலி தெரியாததால் அன்றைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் குனிந்தும் இருப்பாள்.

அவசரத்துக்குப் பாராசிட்டமால் 500 மி.கி., ஆறு மணி நேர இடைவெளி விட்டு. அதுவும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவர் பார்க்கட்டும். காகித மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டு முகம் உப்பியிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டாக இருந்தால் சட்டென்று விடுவதே ஆபத்து. மிச்ச மாத்திரையோடு மருத்துவரிடம் போங்கள்.

மேஸ்திரிகளுக்கு: தண்ணீர் குடிக்கச் சொல்வதற்கு முன்னால் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் கட்டி மறைப்பு செய்து கொடுங்கள்.

சுமையைத் தலைக்கு மாற்றினால் முதுகு தப்பும் என்று நினைப்பது

தப்பாது. கழுத்தும் சேர்ந்து கெடும். இரண்டு நடையாகப் பிரியுங்கள்.

ஒரே கட்டைவிரலால் பூ கிள்ளுவது

மார்க்கெட் வண்டிக்கு முன் பறித்து முடிக்கிற அவசரத்தில் மணிக்கட்டை முறுக்கிக் கிள்ளுவார்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் அடியில் சுரீர் என்றால் அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கிறது. சிறு கத்திரியால் வெட்டுங்கள், கைகளை மாற்றுங்கள்.

இரவில் மரத்த கையை உதறிவிட்டுத் தூங்குவது

சுண்டுவிரல் தவிர மற்றவை மரத்தால் மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுகிறது. மணிக்கட்டு மடங்காதபடி பட்டை கட்டிப் படுங்கள்.

இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்தால் காத்திருப்பது

தொடை இடுக்கு மரத்தாலும் இதேதான். விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த ராத்திரியே அவசரப் பிரிவு.