குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் இணை சேர்வதை வரைந்து அறியும் முறை

இனச்செல்கள் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பகுப்பே குன்றல் பகுப்பு. அதன் தொடக்கக் கட்டமான முதல் புரோபேஸை, லெப்டோட்டீன், சைகோட்டீன் போன்ற துணை நிலைகளின் பெயர்களாக மனப்பாடம் செய்வதைவிட, இரு நிறப் பென்சில்களைக் கொண்டு படிப்படியாக வரைந்து பார்ப்பதே சிறந்தது. தாய்வழிக் குரோமோசோமுக்கு ஒரு நிறத்தையும் தந்தைவழிக் குரோமோசோமுக்கு மற்றொரு நிறத்தையும் ஒதுக்கி, இறுதிவரை அவற்றை மாற்றாதிருங்கள்.

டிஎன்ஏ இரட்டிப்பு முடிந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். அப்போது ஒவ்வொரு குரோமோசோமிலும் கோஹீசின் புரதத்தால் பிணைக்கப்பட்ட, ஒரே நிறமுடைய இரண்டு நகல்களான சகோதரி குரோமாடிட்கள் இருக்கும். இணை சேர்பவை இவை அல்ல, வேறு வேறு நிறமுடைய ஒத்திசைவு குரோமோசோம்களே (தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த, ஒன்றுக்கொன்று இணையானவை). மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுவாதலால், இது தெளிவாகாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

லெப்டோட்டீன் நிலையில் குரோமோசோம்களை மெல்லிய இழைகளாக வரைந்து, அவற்றின் முனைகளான டெலோமியர்களை உட்கருச் சவ்வோடு ஒட்டிக் காட்டுங்கள். இழைகளில் சில இடங்களில் வெட்டுக் குறிகளையும் இடுங்கள். பாடநூல் படங்களில் விடுபடும் இந்தக் குறிகளில்தான், ஒரு குரோமோசோம் தன் இணையை எவ்வாறு அடையாளம் காண்கிறது என்ற கேள்விக்கான விடை இருக்கிறது. மனிதர், எலி, ஈஸ்ட் ஆகியவற்றில் ஸ்போ11 என்னும் புரதம் டிஎன்ஏவின் இரு இழைகளையும் வெட்டுகிறது. வெட்டுண்ட முனைகள் ராட்51, டிஎம்சி1 புரதங்களின் துணையுடன், தமக்கு ஒத்த காரவரிசையை (டிஎன்ஏவின் ‘எழுத்து’ வரிசையை) மற்றக் குரோமோசோமில் தேடிக் கண்டடைகின்றன. எல்லா உயிரினங்களுக்கும் இது பொருந்தாது: டிரோசோஃபிலா என்னும் பழ ஈயின் பெண் ஈக்களில் வெட்டுகள் இல்லாமலேயே இணை சேர்தல் நிகழ்கிறது.

சைகோட்டீனில் இரு நிற இழைகளையும் அருகருகே கொண்டுவந்து, இடையில் அவற்றை ஒட்டிவைக்கும் புரத அமைப்பான சினாப்டோனீமல் தொகுதியை ஜிப் பூட்டுவதுபோல் வரையுங்கள். பாக்கிட்டீனில் அது முழு நீளத்துக்கும் நிறைவடையும். இங்கு ஒரு நிறக் குரோமாடிட்டின் துண்டை மற்ற நிறத்தோடு மாற்றி வரைந்தால் குறுக்கேற்றம் விளங்கும். டிப்ளோட்டீனில் தொகுதியை அழித்துவிடுங்கள். இனி இரு குரோமோசோம்களையும் பிரியாமல் வைத்திருப்பவை, குறுக்கேற்றம் நிகழ்ந்த இடங்களில் தெரியும் குறுக்கு இணைப்புகளான கயாஸ்மாக்களும், சகோதரி குரோமாடிட்களைப் பிணைக்கும் கோஹீசினும்தான்.

மனிதச் செல்லாயின் மொத்தம் 23 இணைகள் அமையும். ஒவ்வோர் இணையிலும் குறைந்தது ஒரு கயாஸ்மாவாவது உள்ளதா என்று சரிபாருங்கள். அது இல்லாத இணையின் இரு குரோமோசோம்களும் செல் பிரியும்போது அதன் ஒரே துருவத்துக்குச் சென்றுவிடக்கூடும். ஆண் செல்லை வரைவோர் எக்ஸ், ஒய் குரோமோசோம்களை முழு நீளத்துக்கும் ஒட்டாமல், காரவரிசை ஒத்திருக்கும் முனைப் பகுதியில் மட்டுமே இணைக்க வேண்டும்.