பருத்த நாய்க்கு உணவின் அளவைக் குறைத்தால் மட்டும் போதாது

உடல் பருத்த நாயின் கொழுப்புத் திசு, வெறும் சேமிப்பாக இல்லாமல், ஹார்மோன்களைச் சுரக்கும் உறுப்பாகவே செயல்படுகிறது. கொழுப்பு கூடக்கூட இரத்தத்தில் லெப்டின் உயர்கிறது. ஆனால் பசியை அடக்கவேண்டிய அந்த ஹார்மோனுக்கு மூளை நாளடைவில் செவிசாய்ப்பதில்லை, இன்சுலினுக்கும் உடல் சரிவர இணங்குவதில்லை. (பூனைகளைப் போல நாய்களுக்கு இதனால் மட்டும் நீரிழிவு வருவது அரிது என்பது ஓர் ஆறுதல்.)

ஆகவே வழக்கமான சோற்றையே பாதியாக்கி வைப்பது நல்ல வழியன்று. குழைய வெந்த சோற்றின் மாவுச்சத்து விரைவில் செரித்து, சர்க்கரையையும் இன்சுலினையும் உயர்த்தும். புரதம் போதாமல் தசையும் கரையும். புரதமும் நார்ச்சத்தும் மிகுந்து கொழுப்பு குறைந்த உணவு, தசையைக் காப்பதோடு, வயிறு நிறைந்த உணர்வையும் நீட்டிக்கிறது. வாரம் உடல் எடையில் 1 முதல் 2 விழுக்காடு குறைந்தால் போதும். எடையோடு லெப்டினும் இன்சுலினும் இறங்கும்.

லாப்ரடார் வளர்ப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பசியடக்கத்துக்குரிய பிஓஎம்சி மரபணுவில் ஒரு பகுதி, இவ்வினத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இல்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அத்தகைய நாய் தட்டை நக்கித் தீர்த்த பின்னும் கெஞ்சுவது செல்லத்தால் வந்த கெட்ட பழக்கமன்று. பிஸ்கட் முதலிய தின்பண்டங்களை அன்றாடக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். சரியாக அளந்து வைத்தும் எடை அசையவில்லையெனில், கால்நடை மருத்துவரிடம் தைராய்டு பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.