சின்ன வகுப்புக் கணக்கு: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

மாலை நேரங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அழைத்துவந்த அவளுடைய அம்மா, "நூறு வரைக்கும் தடங்கல் இல்லாமல் சொல்லுவாள்" என்றார். சொன்னாள், மூச்சு விடாமல். பிறகு பன்னிரண்டு புளியங்கொட்டைகளை அவள் முன்னால் வைத்து எத்தனை என்று கேட்டேன். வாய் ஒரு வேகத்தில் போனது, விரல் ஒரு வேகத்தில் போனது. ஒரு கொட்டையை விட்டுவிட்டாள், மூன்றை இரண்டு தடவை தொட்டாள். "பதினான்கு" என்றாள். மறுபடி மெதுவாக எண்ணிப் பன்னிரண்டு என்று சரியாகச் சொன்னாள். அதே கொட்டைகளைச் சற்று பரப்பிவைத்து, "இப்போது எத்தனை?" என்றேன். திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

அந்தக் குழந்தை மந்தமானவள் அல்ல. எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது ஒரு பாட்டு மனப்பாடமாவதைப் போன்றது. எண்ணுவது வேறு வேலை. ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான், கடைசியாகச் சொன்ன பெயர்தான் மொத்தம், கூட்டிவைத்தாலும் கலைத்துவைத்தாலும் அந்த மொத்தம் மாறாது என்ற மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன. ஒப்பிப்பதைக் கேட்டு மகிழ்ந்துபோய் இந்த மூன்றையும் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

2021-இல் மத்திய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டம், ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் 99 வரையும், இரண்டாம் வகுப்பில் 999 வரையும், மூன்றாம் வகுப்பில் 9999 வரையும் எண்களைப் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும் என்கிறது. கூட்டல், கழித்தல், எளிய பெருக்கலும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இதே வயதுக் குழந்தைகளுக்கானதுதான். பெற்றோர் பலர் 99, 999 என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நோட்டு நோட்டாக எழுதவைக்கிறார்கள். எழுதும் கைக்கு அந்த எண்ணின் அளவு தெரிகிறதா என்று பார்ப்பதில்லை.

"நூற்று ஐந்து எழுது" என்றால் 1005 என்று எழுதும் குழந்தையை எல்லோரும் பார்த்திருப்போம். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது: முதலில் நூறு, பிறகு ஐந்து. சிவப்பு மையால் அடிப்பதை விட, 100 என்று ஓர் அட்டையும் 5 என்று ஒரு சின்ன அட்டையும் செய்து, கடைசிப் பூஜ்யத்தின் மேல் ஐந்தை வைத்துக் காட்டுங்கள். அந்த ஐந்துக்கு அடியில் பூஜ்யம் ஒளிந்திருப்பதைக் குழந்தை கண்ணாலேயே பார்த்துவிடும்.

நம் மொழி இதில் பெரிய துணை. பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும். முப்பது என்றால் மூன்று பத்து. ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைக்குத் தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் காதில் ஒன்றுபோல விழுகின்றன. வீட்டில் தமிழிலும் சொல்லிப் பழக்கினால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தமிழிலும் ஒரு பள்ளம் உண்டு. தொண்ணூறு என்பதில் நூறும், தொள்ளாயிரம் என்பதில் ஆயிரமும் ஒலிக்கின்றன. இந்த இரண்டு இடங்களில் மட்டும் "ஒன்பது பத்து", "ஒன்பது நூறு" என்று கூடவே சொல்லிவிடுங்கள்.

இனி கழித்தல். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதினான் ஒரு பையன். கவனக்குறைவு என்று அவன் அப்பா கோபப்பட்டார். கவனக்குறைவு அல்ல. ஒன்றுகளின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாததால், 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டான். "பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும்" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். அதைத்தான் அவன் ஒழுங்காகச் செய்திருக்கிறான். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்ற அடுத்த அறிவுரையும் உதவாது. அது திருப்பிக் கொடுக்கிற கடனும் அல்ல, 52-இன் மதிப்பு கொஞ்சமும் மாறுவதும் இல்லை. பாடநூலில் இருக்கும் 'இனமாற்றம்' என்ற சொல்தான் பொருத்தமானது. ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக மாறுகிறது, அவ்வளவுதான்.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டும், இரண்டு உதிரிக் குச்சியும் அவன் கையில் கொடுத்தேன். "எனக்கு இருபத்தேழு வேண்டும்" என்றேன். இரண்டு கட்டு கொடுத்தான். உதிரி இரண்டையும் கொடுத்தான். கை நின்றுவிட்டது. "இன்னும் ஐந்து வேண்டுமே?" நான் வேறெதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவன், ஒரு கட்டின் ரப்பர் பேண்டை மெல்லக் கழற்றினான். ஐந்து குச்சிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு மீதியைப் பார்த்தான்: இரண்டு கட்டு, ஐந்து குச்சி. அவனே நோட்டை எடுத்து 35-ஐ அடித்துவிட்டு 25 என்று எழுதினான்.

குச்சியை எப்போது நிறுத்துவது என்று கேட்கிறார்கள். அதைக் குழந்தையே நிறுத்தும். வேண்டாத நாளில் தொடாது.

"விரல் விட்டு எண்ணாதே" என்று அதட்டுவதும் இதே வகைத் தவறு. விரல் கணுக்களில் கட்டைவிரலை ஓட்டி எவ்வளவு பெரிய கணக்கையும் போட்ட பெரியவர்கள் நம் வீடுகளிலேயே இருந்திருக்கிறார்கள். தடை செய்தால் குழந்தை மேசைக்கு அடியில் எண்ணும். விரலைத் தடுக்காமல், எப்படி எண்ணுகிறது என்று பாருங்கள். 8 + 3 என்றால் ஒன்றிலிருந்து தொடங்குகிறதா? அப்படியானால், எட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து, பதினொன்று என்று போகச் சொல்லலாம். அது பழகிய பிறகு 8 + 5-இல், ஐந்திலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கிக்கொள்ளும் வழி. வாய்ப்பாட்டுக்கும் இப்படித்தான். மனப்பாடம் வேண்டும், ஆனால் 6 × 7 மறந்துபோனால் ஐந்து ஏழு முப்பத்தைந்தோடு இன்னோர் ஏழைச் சேர்த்துக்கொள்ளத் தெரியாத மனப்பாடம் பரீட்சை அறையில் கைவிட்டுவிடும்.

வாக்கியக் கணக்குகளுக்கு ஒரு குறுக்குவழி ஊரெங்கும் புழங்குகிறது: "மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி." தயவுசெய்து இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். "12 ரூபாய்க்கு நோட்டு வாங்கிய பிறகு கமலாவிடம் 8 ரூபாய் மீதி இருக்கிறது. முதலில் எவ்வளவு வைத்திருந்தாள்?" மீதி என்ற சொல்லைப் பார்த்ததும் 4 என்று எழுதும் குழந்தை கணக்கைப் படிக்கவே இல்லை. கதையாகச் சொல்லச் சொல்லுங்கள், படம் வரையச் சொல்லுங்கள். எண்களைத் தொடுவது அதற்குப் பிறகு.

சமக்குறியையும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். 8 + 4 = ▢ + 5 என்று எழுதிக் கொடுங்கள். 12 என்ற விடை வந்தால், குழந்தை அந்தக் குறியை "விடையை இங்கே எழுது" என்று புரிந்துகொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு, தராசு போல, என்பது மனதில் பதிந்தால்தான் 7 வரும்.

இப்போது எல்லாம் கைபேசியிலேயே பணம் போய்விடுவதால், சில்லறை எண்ணுவதைக் குழந்தைகள் பார்ப்பதே அரிதாகிவிட்டது. வாரத்தில் ஒரு நாளாவது ஐம்பது ரூபாய் நோட்டைக் கையில் கொடுத்து கடைக்கு அழைத்துப்போங்கள். 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், முப்பத்திரண்டோடு எட்டு நாற்பது, இன்னொரு பத்து ஐம்பது என்று சொல்லிச் சொல்லிப் பதினெட்டு ரூபாயை எண்ணிவைக்கும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழந்தை அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும்.