ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் என்ன செய்வது?

வீட்டில் ஒரு சாவு, ஸ்கேன் ரிப்போர்ட்டில் வந்த ஒரு வரி, அல்லது யாரிடமும் சொல்ல முடியாத குடும்பப் பிரச்சினை. இப்படி ஒரு நேரத்தில் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் "அழாதீங்க, விசுவாசமா இருங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் கேட்கிறவருக்கு இருக்கிற வலியோடு, அழுததே ஒரு பாவம் போல குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. முதலில் அதை இறக்கி வையுங்கள். இன்னும் சற்று நேரத்தில் செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிற இயேசுவே அவனுக்காக அழுதவர்களைப் பார்த்துக் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35).

முழங்கால் போட்டும் ஒன்றும் வரவில்லையா? சொந்தமாக ஜெபம் உருவாக்க முயற்சி செய்யாதீர்கள். பைபிளில் சங்கீதம் 13-ஐத் திறந்து, வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் கண் ஓடும், மனசு வேறெங்கோ போய்விடும், அதனால் சத்தம் மெதுவாக இருந்தாலும் காதில் விழ வேண்டும். மொத்தமே 6 வசனம். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்டுவிடுகிறார் தாவீது, என்னை மறந்துவிட்டீரா என்று நேராகவே கேட்கிறார். படித்து முடித்ததும் உங்களுடைய "எதுவரைக்கும்" என்னவோ அதைச் சொல்லுங்கள். எதுவரைக்கும் இந்தக் கீமோ, எதுவரைக்கும் இந்தக் கடன்காரர் போன், எதுவரைக்கும் என் பிள்ளை வீட்டுக்கு வராமல் இருப்பான். மரியாதையாகச் சொல்ல வேண்டுமே என்று வார்த்தையைத் தேட வேண்டாம். கடைசி இரண்டு வசனங்கள் நம்பிக்கைக்குத் திரும்புகின்றன. இன்றைக்கு அது வாயில் வரவில்லையென்றால் 4-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள், நாளைக்கும் அதே சங்கீதம் அங்கேதான் இருக்கும்.

அந்த அளவுக்குக் கூட முடியாத நாட்களுக்கு சங்கீதம் 88 இருக்கிறது. துக்கச் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. சிநேகிதர்களும் தூரப் போய்விட்டார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் முதல் வசனத்தைப் பாருங்கள், "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறார் இதைப் பாடியவர். பதிலே வராவிட்டாலும் புலம்பலை அவரிடமே கொண்டுபோகிறாரே, அதுதான் விசுவாசம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிரித்துக்கொண்டு "ஸ்தோத்திரம்" சொல்வதைவிட இது எந்த விதத்திலும் குறைந்தது இல்லை.

அப்புறம், உடம்பு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது (1 இராஜாக்கள் 19), கர்த்தர் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான், தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதற்கப்புறம்தான் ஓரேப் மலைக்குப் பயணமும் கர்த்தரோடு பேச்சும். அதனால் துக்கத்தில் உபவாசம் எடுக்க அவசரப்படாதீர்கள், கஞ்சியாவது குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக உட்கார்ந்து ஜெபித்துச் சமாளிக்க நினைக்க வேண்டாம். உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், இந்தியாவில் இருந்தால் 14416-க்கு (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) போன் பண்ணுங்கள், தமிழிலேயே பேசலாம்.

"ஏன் எனக்கு?" என்று கேட்கலாம், ஆனால் அதற்கு மற்றவர்கள் தருகிற விளக்கங்களை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பிள்ளைகளையும் சொத்தையும் ஆரோக்கியத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்" என்று ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல்தான், அத்தனை அதிகாரம் முறையிட்ட யோபு நிதானமாகப் பேசினான் என்று அவரே சொன்னார் (யோபு 42:7). யாராவது உங்கள் துக்கத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொன்னால் இந்த வசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடாது. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற கேள்வி 42, 43 ஆகிய இரண்டு சங்கீதங்களிலும் சேர்த்து மூன்று முறை வருகிறது, ஒருமுறை சொல்லித் தீரவில்லை, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நீங்களும் சொல்லுங்கள், ராத்திரி தூக்கம் கலைந்தால் அப்போதும் சொல்லுங்கள். படிக்கக்கூடத் தெம்பில்லாதபோது சபையில் நீங்கள் நம்புகிற ஒரு அக்காவையோ அண்ணனையோ கூப்பிட்டு, "ஆலோசனை எதுவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் மட்டும் வாசிங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கும் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் வராமல் இருந்திருப்பார்கள்.