அப்பா அம்மாவுக்குச் சுகர் இருப்பவரிடம் ஆபத்தை எப்படிச் சொல்வது

"எங்க அப்பாவுக்கும் இருந்தது, எனக்கும் எப்படியும் வரத்தான் போகுது" என்று சொல்பவரிடம் எடுத்த எடுப்பில் ஆபத்தை எண்களில் சொல்லாதீர்கள். வீட்டில் யாருக்கு, எந்த வயதில் வந்தது, என்ன பாடு பட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். அப்பாவின் காலை எடுத்ததைப் பார்த்தவரை மேலும் பயமுறுத்தி ஒரு பலனும் இல்லை.

அப்புறம், சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணை அவர் கண் முன்னாலேயே பேப்பரில் போடுங்கள். மொத்தம் 100: வயதுக்கு அதிகபட்சம் 30, பெற்றோருக்கு 20, இடுப்புச் சுற்றளவுக்கு 20, உடலுழைப்பு இல்லாததற்கு 30. பாதி நம் கையில் இல்லாதது, பாதி நாம் குறைக்கக்கூடியது. 42 வயதுப் பெண், அப்பாவுக்கு மட்டும் சுகர், இடுப்பு 86 செ.மீ., உட்கார்ந்த வேலை, நடைப்பயிற்சி கிடையாது என்றால் 20, 10, 10, 30, ஆக 70. அறுபதைத் தொட்டாலே அதிக ஆபத்து. தவறாமல் நடந்தால் உடலுழைப்புக்கான 30 என்பது 20 ஆகும், இடுப்பும் 80க்குக் கீழே வந்தால் அதற்கான 10 போய்விடும், ஆக 50. இந்தக் கழித்தலை அவரையே போடச் சொல்லுங்கள். ஆனால் 70 என்பது நூற்றில் 70 பேருக்கு வரும் என்ற கணக்கல்ல, ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்பதற்கான அடையாளம், இதைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

பேன்ட் சைஸைக் கேட்டு எழுத வேண்டாம், பலர் தொப்பைக்குக் கீழேதான் பெல்ட் போடுவார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்து அளக்க வேண்டும், புடவைக் கொசுவத்தின் மேல் அல்ல.

சதவீதத்தை ஆள் கணக்காக மாற்றிச் சொல்லுங்கள். 2006இல் வந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களில் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற 100 பேரில் 55 பேருக்கு மூன்று ஆண்டுகளில் நோய் வந்தது, சாப்பாட்டையும் நடையையும் மாற்றத் தொடர்ந்து உதவி கிடைத்தவர்களில் சுமார் 39 பேருக்கு. "28.5 சதவீதம் குறைகிறது" என்பதும் இதே கணக்குதான், ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் எதுவும் விளங்காது. 16 பேர் தப்பினார்கள் என்று சொல்லுங்கள். மாற்றியும் 39 பேருக்கு வந்தது என்பதையும் மறைக்காதீர்கள், நாளைக்கு அவருக்கு வந்தால் தன்னையே திட்டிக்கொண்டு மருத்துவமனைப் பக்கம் வராமல் போய்விடுவார்.

கிளம்பும் முன், "வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் நாம் சரியாக விளக்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள். சமைப்பது வேறொருவர் என்றால் அடுத்த முறை அவரையும் அழைத்து வரச் சொல்லி, பரிசோதனைத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.