கம்பியும் நூலும் சேர்த்து குரோஷேவில் ஓர் அலை

குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் பின்னும் வேலையில், நூலில் மட்டும் பின்னிய அலை வடிவம் துவண்டு விழும். கம்பியில் மட்டும் பின்னியது வெறும் கூண்டாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துப் பின்னினால் நெளிவும் கிடைக்கும், வளைத்த வடிவமும் நிற்கும்.

உள்ளங்கை அகல அலை ஒன்றுக்கு 28 கேஜ் (கம்பியின் தடிமன் எண்), அதாவது சுமார் 0.32 மி.மீ., எனாமல் பூசிய மென்செம்புக் கம்பி 15 மீட்டர் எடுங்கள். அலையைத் தாங்கும் முதுகெலும்புக்கு இன்னும் தடித்த 20 கேஜ் கம்பி 30 செ.மீ., நீல நிறத்தில் மெல்லிய பருத்தி நூல், நுரைக்குக் கொஞ்சம் வெள்ளை மோஹேர் (ஆட்டு ரோமத்தில் ஆன பஞ்சுபோன்ற நூல்), 3.5 மி.மீ. உலோகக் கொக்கி ஊசி. மர ஊசியைக் கம்பி கீறிவிடும். பூச்சில்லாத செம்பு ஈரத்தில் பச்சை பூத்து நூலிலும் கறை ஏற்றும். துளிகளுக்குக் கண்ணாடி மணி வேண்டுமானால் முதலிலேயே மெல்லிய கம்பியில் கோத்துவிடுங்கள். பின்னத் தொடங்கியபின் நுழைக்க வழியில்லை. சிங்கிள் குரோஷே என்னும் குட்டையான அடிப்படைக் கண்ணியில் மணி பின்பக்கம்தான் போய் உட்காரும், அதனால் மணி வரும் வரிசையில் உங்கள் பக்கம் அலையின் மறுபுறமாக இருக்கட்டும்.

வழக்கம்போல் செயின், அதாவது சங்கிலிக் கண்ணிகள், போட்டுத் தொடங்க வேண்டாம். கம்பிச் செயினுக்குள் ஊசி நுழைவதே பெரும்பாடு. தடித்த கம்பியின் மேலேயே 25 சிங்கிள் குரோஷே பின்னுங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு செயின் போட்டுத் திருப்பி, மேலும் இரண்டு வரிசை அப்படியே. நான்காம் வரிசையில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு: 50. ஐந்தாவதில் மறுபடி இரண்டு: 100. கண்ணி பெருகப் பெருக விளிம்புக்கு இடம் போதாமல் தானே நெளியும். 1997இல் கணிதவியலாளர் டைனா டைமினா ஹைபர்போலிக் தளத்தை (எங்கும் நெளிந்து விரியும் வளைபரப்பை) குரோஷேவில் செய்து காட்டியதும் கண்ணிகளைச் சீராகப் பெருக்கித்தான். கடைசி வரிசை மோஹேரில் மட்டும், கண்ணிக்கு இரண்டு.

கண்ணிகள் தளர்வாகவே இருக்கட்டும். நீர் போலத் தெரிய ஒளி ஊடுருவ வேண்டும். நெருக்கிப் பின்னினால் தகடாகிவிடும். நூலை விரலில் சுற்றி இழுவையோடு பிடியுங்கள், கம்பியை விரலில் சுற்றாமல் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் நூல் தொய்ந்து முடிச்சு முடிச்சாக வெளியே துருத்தும்.

கம்பி அறுவதற்குப் பெரும்பாலும் சுருக்கே காரணம். சுருளின் தலைப்பக்கமாக இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். சுருளை உருட்டி விடுங்கள். வளையம் விழுந்தால் இழுக்காமல் விரலால் பிரித்து நேராக்குங்கள். வளைத்து நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் செம்பு இறுகி நொறுங்கும் தன்மை பெறும், ஆகவே பிரித்துப் பின்னுவது கம்பிக்கு ஒத்துவராது. ஒரு கண்ணி தவறினால் அடுத்த வரிசையில் ஈடுகட்டுங்கள், நீரின் வடிவத்தில் அது தெரியாது. அறுந்துவிட்டால் புதுக் கம்பியைப் பழையதோடு 5 செ.மீ. சேர்த்துப் பின்னி, நுனிகளைப் பக்கத்துக் கண்ணியில் மூன்று சுற்றுச் சுற்றி அழுத்துங்கள். வெட்டும் நுனி தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

வடிவம் கொடுப்பது கடைசி வேலை, அவசரப்படக் கூடாதது. முதுகெலும்பை முதலில் வளையுங்கள். பிறகு ஒவ்வொரு நெளிவையும் பென்சில் மேல் வைத்து உருட்டி, உச்சியை முன்னால் கவிழுங்கள். எல்லா நெளிவும் ஒரே அளவில் இருந்தால் பாவாடைக் கரையாகத் தோன்றும். இரண்டைப் பெரிதாக்கி மற்றவற்றை அடக்குங்கள். குறடு தொட்டால் எனாமல் உரியும், தாடைகளில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

முதுகெலும்பின் இரு நுனிகளையும் மரப்பலகையில் 1 மி.மீ. துளையிட்டு இறக்குங்கள். தூசி படிந்தால் கழுவாமல் மென்தூரிகையால் தட்டினால் போதும்.